எட்டு குதிரை குறைந்தால் கொல்லிமலை ஏறாதா?

கேள்வி: சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலை செம்மேட்டுக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். இனி காரில் போகலாம் என்று யோசனை. கையில் இருக்கும் பணத்துக்கு 2022 மாடல் ஸ்விஃப்ட் ஒன்று வந்திருக்கிறது. கொஞ்சம் கடன் வாங்கினால் புதுசே எடுத்துவிடலாம். ஆனால் பழையது 90 குதிரைத்திறன், நாலு சிலிண்டர். புதியது 82தான், அதுவும் மூன்று சிலிண்டர். "எட்டு குதிரையைக் கழட்டிட்டுக் குடுக்கறாங்க, மலையில முக்கும்" என்கிறார் அண்ணன். எதை எடுக்கட்டும்?
– ஓர் ஆசிரியை, சேந்தமங்கலம்

பதில்: டீச்சர், அண்ணன் சொன்ன எண்கள் சரிதான். ஆனால் அந்த 90 எப்போது கிடைக்கும்? இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது. புதியதின் 82 கிடைப்பது 5,700 சுற்றில். நாமக்கல் வரை ஒருமுறை ஓட்டி, இந்தச் சுற்றைக் காட்டும் ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். 2,000-க்கும் 3,000-க்கும் நடுவில்தான் ஆடிக்கொண்டிருக்கும்.

டார்க் என்கிற முறுக்குவிசையையும் சுற்றையும் பெருக்கினால் வருவதுதான் குதிரைத்திறன். பழைய இன்ஜினின் உச்ச டார்க் 113 நியூட்டன் மீட்டர், புதியதில் 112. இரண்டுமே 4,300, 4,400 சுற்றில் கிடைக்கின்றன. 2,000 சுற்றில் 100 நியூட்டன் மீட்டர் வருகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த நேரத்தில் இன்ஜின் தருவது வெறும் 28 குதிரை. பழையதோ புதியதோ, தினசரி ஓட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது இந்த அளவுதான்.

இந்த மூன்று சிலிண்டர் வண்டியில் நான் காரவள்ளியிலிருந்து மேலே போயிருக்கிறேன். என்னோடு நாலு பேர், ஏசியும் ஓடியது. ஒரு கொண்டை ஊசி வளைவில் சோம்பேறித்தனமாக மூன்றாவது கியரிலேயே திருப்பினேன். முள் 1,300-க்கு இறங்கிவிட்டது. காலடித் தகடு அதிர்கிறது, ஆக்ஸிலேட்டரை முழுசாக அமுக்கியும் வண்டி நகர மறுக்கிறது. உடனே இரண்டாவது கியர் போட்டேன். முள் 2,500-ஐத் தாண்டியதும் சரசரவென்று ஏறிவிட்டது. அதே இன்ஜின், அதே 82 குதிரை. அந்தப் பாதையில் 70 வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னாலேயே கியரைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் போன பிறகு குறைக்காதீர்கள்.

இன்னொன்று. உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். 1,000 மீட்டர் ஏறினாலே, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இந்த இரண்டு இன்ஜின்களிலும் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தி போய்விடும். அண்ணன் கணக்குப் பண்ணும் அந்த எட்டு குதிரையை எந்த வண்டியாக இருந்தாலும் மலையே எடுத்துக்கொள்ளும். அப்புறம், சுமார் 900 கிலோ வண்டியில் ஐந்து பேர் ஏறினால் 300 கிலோவுக்கு மேல் கூடுகிறதே, இழுவையில் அதுதான் பெரிய வித்தியாசம்.

மூன்று சிலிண்டரில் சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் லேசான நடுக்கம் தெரியும். நாலு சிலிண்டர் அந்த விஷயத்தில் பட்டு. மலை ஏறுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

என் மகள் கேட்டிருந்தால் புதியதைத்தான் சொல்வேன். குதிரைக்காக அல்ல. அதில் எல்லா வேரியன்ட்டிலும் ஆறு ஏர்பேக் உண்டு, ஹில் ஹோல்டும் உண்டு. ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று கிளம்பும்போது, பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலேட்டருக்குக் கொண்டுபோகிற அந்த ஓரிரு நொடி வண்டி பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளும். புதிதாக மலையில் ஓட்டுகிறவருக்கு அது பெரிய துணை.

தவணை கழுத்தைப் பிடிக்கும் என்றால் பழையதையே எடுங்கள், ஆனால் கிளட்ச்சைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சமதளத்தில் நாலாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஆக்ஸிலேட்டரை முழுசாக அமுக்குங்கள். முள் சட்டென்று எகிறி, வேகம் மட்டும் கூடவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மலையில் ஓடிய வண்டிகளில் இது அடிக்கடி வரும். மாற்றும் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

எதை எடுத்தாலும் சாயங்காலம் இறங்கும்போதும் இரண்டாவது கியர்தான். வேகத்தை இன்ஜினே பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பாதி மலைக்குள் பிரேக் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காமல் போகும்.