வண்டியைத் தூக்கலாமா? ஜீப் வைத்திருப்பவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ஃபோர் வீல் டிரைவ் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: வண்டியைத் தூக்கலாமா, அதாவது ஸ்பிரிங்கை மாற்றி பாடியைத் தரையிலிருந்து இன்னும் உயர்த்தலாமா? காட்பாடியில் இருந்துகொண்டு இரண்டு மாருதி ஜிப்சி, ஒரு பழைய மஹிந்திரா தார் ஓட்டியிருக்கிறேன். ஒன்றைத் தூக்கிவிட்டு மறுபடி இறக்கியும் இருக்கிறேன். அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, நான் ஒடுகத்தூர். ஜவ்வாது மலையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. வண்டி 2016 மாடல் தார். பாறை ஏறும் இடத்தில் அடியில் 'டங்'கென்று இடிக்கிறது. பட்டறையில் 2 இஞ்ச் தூக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

எது இடிக்கிறது தம்பி? அதைப் பார்க்காமல் காசைக் கொடுக்காதே. கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்து வண்டியின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் எல்லாவற்றிலும் பூசு. காய்ந்ததும் அதே வழியில் நிலத்துக்குப் போய்விட்டு வா. கோணியை விரித்துப் படுத்துப் பார். சுண்ணாம்பு எங்கே உரிந்திருக்கிறதோ, அதுதான் இடிக்கும் இடம்.

பக்கவாட்டுப் படி உரசியிருந்தால் கழற்றிப் போடு, செலவே இல்லை. பின்னால் மாட்டிய கொக்கியும் அப்படித்தான். பின் டிஃபரன்ஷியல் உருண்டை (பின் அச்சின் நடுவே பல்சக்கரங்கள் இருக்கும் கூடு) உரசியிருந்தால் ஸ்பிரிங்கை உயர்த்திப் பயனே இல்லை. அந்த அச்சு டயரோடு இருக்கிறது. மேலே பாடி எவ்வளவு உயர்ந்தாலும் உருண்டை இருந்த இடத்தில்தான் இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றுதான் வழி, அதுவும் விட்டம் கூடுவதில் பாதிதான் கிடைக்கும். உன் வண்டியின் 235/70 ஆர் 16 டயரின் விட்டம் சுமார் 735 மி.மீ. 245/75 ஆர் 16 போட்டால் 774. வித்தியாசம் 39, அடியில் கிடைப்பது 19 சொச்சம்.

நடுவயிறு, அதாவது கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், மேட்டில் உட்கார்ந்துவிடுகிறது என்றால் அப்போது தூக்குவதைப் பற்றிப் பேசலாம். உன் மாடலில் முன்பக்கம் டார்ஷன் பார் (முறுக்கி ஸ்பிரிங் போல வேலை செய்யும் கம்பி), பின்பக்கம் கமான் பட்டை (அடுக்கு ஸ்பிரிங்). டார்ஷன் பாரை முறுக்கிவிட்டால் முன்பக்கம் சட்டென்று உயர்ந்துவிடும், பட்டறையில் அதைத்தான் முதலில் செய்வார்கள். ஆனால் சக்கரம் பள்ளத்தில் கீழே இறங்குவதற்கு இருந்த இடம் குறைந்துபோகும். பின்னால் ஒரு பட்டை கூட்டினால் எரு மூட்டை ஏற்றும்போது நன்றாக இருக்கும், காலி வண்டியில் முதுகு விட்டுப்போகும். ஒரு இஞ்ச்சோடு நிறுத்திக்கொள். பழைய பட்டை தொய்ந்துபோயிருந்தால் புதிதாக மாற்றினாலே இழந்த உயரம் திரும்பி வந்துவிடும். பல பேர் 'லிஃப்ட்' என்று தேடுவது உண்மையில் இதைத்தான்.

கேள்வி: சார், சத்துவாச்சாரி. மாருதி ஜிம்னி வாங்கி ஆறு மாதம் ஆகிறது. 30 மி.மீ. தூக்கும் கிட் (அதற்கான சாமான் செட்) பார்த்து வைத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் கெத்துக்காகத்தான். மாதம் ஒருமுறை அமிர்தி பக்கம் போவேன்.

உண்மையைச் சொன்னதால் நானும் உண்மையைச் சொல்கிறேன். தரைக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே 210 மி.மீ. இடைவெளி உள்ள வண்டிக்கு அமிர்தி போக எதுவும் தேவையில்லை. கெத்துக்கு என்றால் 215/75 ஆர் 15 டயர் போடுங்கள். வண்டியோடு வந்த 195/80 ஆர் 15-ஐ விடப் பத்து மி.மீ.தான் விட்டம் அதிகம், ஆனால் அகலத்தில் ஆளே மாறிவிடும். அப்புறம், வீட்டில் பெரியவர்கள் ஏறுகிறார்களா என்று யோசியுங்கள். என் அம்மாவுக்காக வண்டியில் ஒரு முக்காலி வைத்துக்கொண்டு திரிந்தவன் நான்.

கேள்வி: புதிய தாருக்கு லேத்தில் ஸ்பேசர் (ஸ்பிரிங்கோடு வைத்து உயர்த்தும் கட்டை) கடைந்து போட்டுத் தருகிறார்கள், கிட்டில் பாதி விலைதான். போடலாமா?

வேண்டாம். 2020-க்குப் பிறகு வந்த தாரில் முன் சக்கரங்கள் தனித்தனியாக ஆடுபவை. பாடி உயர்ந்தால், முன் டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு சாய்ந்து நிற்கும். அதன் முனையில் இருக்கும் ரப்பர் உறை கிழியும், கிரீஸ் வெளியேறும், மண் புகும், ஜாயின்ட் 'கடகட'வென்று சத்தம் போடும். பால் ஜாயின்ட்டும் சீக்கிரம் தேயும். நல்ல கிட்டுக்கே இந்தத் தொல்லை உண்டு. அளவு தெரியாமல் கடைந்ததற்குக் கேட்கவே வேண்டாம். இத்தனைக்கும் அந்த வண்டியின் அடி உயரமே 226 மி.மீ. இன்னும் எங்கே போகப் போகிறீர்கள்?

கேள்வி: அண்ணா, ஆம்பூர். பாலாற்று மணலைக் கடந்துதான் எங்கள் தோப்புக்குப் போக வேண்டும். அடிக்கடி புதைகிறது. தூக்கினால் சரியாகுமா?

ஆகாது. மணலில் புதைவது உயரக் குறைவால் இல்லை, டயர் இறுகி இருப்பதால். மணலில் இறங்கும் முன் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கு. டயர் நீளவாக்கில் படுத்து மணலின் மேல் மிதக்கும். ஃபோர் வீலைக் கரையிலேயே போட்டுக்கொள், புதைந்த பிறகு இல்லை. ஒரே வேகத்தில் போ, சக்கரம் சுழல ஆரம்பித்தால் காலை எடுத்துவிடு. தார் ரோட்டுக்கு ஏறியதும் மறக்காமல் காற்றை நிரப்பு. 12 வோல்ட் பம்ப் ஒன்று வாங்கினால் போதும், லிஃப்ட் கிட் விலையில் ஒரு துளிதான்.

கேள்வி: ஆற்றில் தண்ணீர் வரும்போது? 2021 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பிறகுதான் உயரமான வண்டி வேண்டும் என்று தோன்றியது.

ஸ்பிரிங்கில் 2 இஞ்ச் ஏற்றினால் எஞ்சின் காற்று இழுக்கும் வாய் 2 இஞ்ச் ஏறும், அவ்வளவுதான். அச்சில் இருக்கும் மூச்சுக்குழாயை (உள்ளே இருக்கும் சூடான காற்று வெளியேறும் துளையை) நீளமான ரப்பர் டியூப் போட்டு மேலே கொண்டுபோய்க் கட்டுவது அதைவிடப் பயன். இல்லையென்றால் சூடான அச்சு குளிர்ந்த நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். இது தேங்கிய தண்ணீருக்கு. ஓடும் வெள்ளத்தில் எந்த வண்டியையும் இறக்காதீர்கள்.

கேள்வி: வாணியம்பாடியிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் போன மாதம் வண்டியைத் தூக்கிவிட்டார். ஏலகிரி போனபோது கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு பக்கமாகச் சாய்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் 'பழகிவிடும்' என்கிறார்.

உங்கள் பயம் சரிதான் அம்மா. கனம் மேலே போனால் வளைவில் சாய்வு கூடத்தான் செய்யும். ஏலகிரியில் பதினான்கு வளைவு, பதினான்கிலும் தெரியும். என் முதல் ஜிப்சிக்கு நீளமான ஷேக்கிள் (கமான் பட்டையைச் சட்டத்தோடு இணைக்கும் இரும்புத் துண்டு) போட்டு 2 இஞ்ச் தூக்கினேன். பெங்களூர் நெடுஞ்சாலையில் 80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் காற்றைப் பிடித்த மாதிரி மிதக்கும். ஸ்டியரிங்கை நேராக வைத்திருக்க உதவும் முன் அச்சின் சாய்கோணம் (காஸ்டர்) குறைந்துவிட்டதுதான் காரணம். நானும் ஒரு வருடம் 'பழகிவிடும்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரிடம் இதைக் கேளுங்கள்: தூக்கிய பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்தாரா? ஷாக் அப்சார்பர் புதிய உயரத்துக்கு ஏற்ற நீளம்தானா? சக்கரம் முழுவதும் தொங்கும்போது பிரேக் ஹோஸ் (பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய்) இழுபடுகிறதா? மூன்றாவதற்குத் தெளிவான பதில் வராத வரை மலைக்குப் போக வேண்டாம்.

கேள்வி: ஆர்.டி.ஓ.வில் பிடிப்பார்களா?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. ரோட்டில் பிடிக்காமல் போகலாம். விபத்து நடந்து காப்பீட்டுக்காரர் அளவு நாடாவோடு வரும்போதுதான் சிக்கல்.

கேள்வி: பெரிய டயர் போட்டால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுமா?

குறைத்துக் காட்டும். மேலே சொன்ன தார் டயர் கணக்கில், முள் 80-இல் நின்றால் நீங்கள் 84-இல் போகிறீர்கள். இழுவையும் மைலேஜும் கொஞ்சம் குறையும்.

கேள்வி: தூக்கிய பிறகு பிடிக்கவில்லை என்றால் திரும்ப இறக்கிக்கொள்ளலாமா?

இறக்கலாம், கழற்றிய சாமானை எடைக்குப் போடாமல் வைத்திருந்தால். நான் போட்டுவிட்டேன். அப்புறம் இரண்டு ஷேக்கிளுக்காக வேலூரில் இருக்கும் பழைய இரும்புக் கடை எல்லாம் ஏறி இறங்கினேன்.