மகன் வீட்டுக் குழாயும் மாம்பலத்து ஜன்னலும்: ரேடான் கேள்வி-பதில்

நியூ ஜெர்சியில் மகன் வீடு வாங்கப் போகிறான். சோதனையில் ரேடான் 6.2 என்று வந்திருக்கிறது. "சிஸ்டம் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார்களாம். நம்பி வாங்கலாமா? (மாம்பலம் வாசகர்)

தாராளமாக வாங்கலாம். நம் ஊரில் கரையானுக்கு மருந்து அடிப்பது போல அங்கே இது சகஜமான வேலை. 6.2 என்பது ஒரு லிட்டர் காற்றில் இத்தனை பிக்கோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்ற கணக்கு. 4-ஐத் தொட்டாலே சரிசெய்யச் சொல்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை.

மண்ணிலும் பாறையிலும் இருக்கும் யுரேனியம் சிதைந்துகொண்டே வரும்போது பிறக்கும் வாயு ரேடான். நிறமில்லை, வாசனையில்லை, ஆனால் கதிரியக்கம் உண்டு, நுரையீரலுக்கு ஆபத்து. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் சூடான காற்று மேலே போய்க் கசியும். அந்த இடத்தை நிரப்ப பேஸ்மென்ட் (நிலத்துக்குக் கீழே உள்ள அறை) தளத்தின் விரிசல் வழியாக மண்ணுக்குள் இருக்கும் காற்று வரும். ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிப்பது மாதிரி வீடே மண்ணை உறிஞ்சுகிறது.

சிஸ்டம் இந்த உறிஞ்சலைத் திருப்பிப் போடுகிறது. கான்கிரீட் தளத்தில் ஓட்டை போட்டு, கீழே கொஞ்சம் மண்ணையும் ஜல்லியையும் அள்ளிக் குழியாக்கி, அதில் மூன்று அல்லது நான்கு அங்குல பிவிசி பைப்பை இறக்குவார்கள். பைப்பின் மறுமுனை கூரைக்கு மேலே போகும். நடுவில் ஒரு ஃபேன், இரவும் பகலும் ஓடும். விரிசல்களையும் அடைப்பார்கள், ஆனால் வெறும் அடைப்பு மட்டும் போதாது.

மகனிடம் இரண்டு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேன் பேஸ்மென்ட்டிலோ அறைக்குள்ளோ இருக்கக் கூடாது, பரணிலோ வெளிச்சுவரிலோ இருக்க வேண்டும். ஃபேனுக்கு அப்புறம் உள்ள பைப்பில் காற்று தள்ளப்படுகிறது. அங்கே ஒரு ஜாயின்ட் கசிந்தால் பிடித்த ரேடானை நாமே வீட்டுக்குள் விட்ட கதையாகிவிடும். அடுத்தது, வேலை முடிந்து 24 மணி நேரத்துக்குப் பிறகு, 30 நாளுக்குள் மறுசோதனை. அதைப் பொருத்தியவரே செய்யாமல் வேறொருவர் செய்தால் நல்லது.

பென்சில்வேனியாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேஸ்மென்ட் குழாயில் சிவப்புத் திரவத்தோடு ஒரு கண்ணாடி வளையம் ஒட்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறது. சமமாக இருந்தால் நல்லதுதானே? (அடையாறு வாசகி)

இல்லையம்மா, அதுதான் கெட்ட சேதி! அது மானோமீட்டர். ஃபேன் இழுத்தால் திரவம் ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி நிற்க வேண்டும். சமமாக இருந்தால் ஃபேன் நின்றிருக்கலாம், அல்லது அந்தச் சின்ன டியூப் கழன்றிருக்கலாம். முதலில் ஸ்விட்சைப் பாருங்கள். சத்தம் தொந்தரவு என்று யாராவது அணைத்திருப்பார்கள். நான் பார்த்த பாதி வீடுகளில் அதுதான் நடந்தது.

இதெல்லாம் அமெரிக்க வியாபாரத் தந்திரம் என்கிறார் நண்பர். (வேளச்சேரி வாசகர்)

1984-இல் பென்சில்வேனியாவின் லிமெரிக் அணுமின் நிலையத்தில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் உள்ளே நுழையும்போதே கதிரியக்க அலாரம் அடித்தது. நிலையம் அப்போது ஓடவே ஆரம்பிக்கவில்லை. தேடிப் பார்த்தால் வினை அவர் வீட்டில்: சுமார் 2,700 பிக்கோகியூரி. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைப்பழக்கத்துக்கு அடுத்த காரணம் ரேடான்தான். நண்பர் சிகரெட் பிடிப்பவர் என்றால் அவருக்கு இரட்டை ஆபத்து.

எங்கள் வீடு பல்லாவரம் பாறைமேல் இருக்கிறது. நாங்களும் சிஸ்டம் போட வேண்டுமா? (பல்லாவரம் வாசகர்)

அளக்காமல் எதையும் போட வேண்டாம். உங்கள் பாறை சார்னோகைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்துப் பெயர் வாங்கிய பாறை. பாறை மட்டும் வைத்து அளவைச் சொல்ல முடியாது. வீடு எப்படி மூச்சு விடுகிறது என்பதும் பாதிக் கணக்கு. நம் அடுக்குமாடிகளில் தரைமட்டம் பெரும்பாலும் திறந்த கார் பார்க்கிங். மண்ணிலிருந்து வரும் வாயு அங்கேயே கலைந்துவிடும், முதல் மாடிக்கு ஏறுவது சொற்பம். நான் யோசிப்பது பழைய தனிவீட்டின் தரைத்தள பெட்ரூமைப் பற்றி. தரையில் விரிசல், ஜன்னலை அடைத்து ராத்திரி முழுக்க ஸ்பிளிட் ஏசி. அந்த ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கிறது.

சமையல் மேடை கிரானைட்டைப் பெயர்த்துவிடலாமா? (தாம்பரம் வாசகி)

வேண்டாம். கிரானைட்டிலிருந்து கொஞ்சம் வரும்தான், ஆனால் பொதுவாக மண்ணிலிருந்து வருவதோடு ஒப்பிட்டால் அற்பம்.

ஏர் பியூரிஃபையர் போதுமா? (அண்ணா நகர் வாசகர்)

ஹெப்பா ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது.

மகன் அனுப்பிய டிஜிட்டல் மீட்டர் ராத்திரி 40, மத்தியானம் 15 காட்டுகிறது. அவன் வீட்டில் 4-க்கே பயந்தார்களே! (நங்கநல்லூர் வாசகர்)

பதற வேண்டாம். உங்கள் மீட்டர் ஒரு கன மீட்டருக்கு எத்தனை பெக்கரல் (கதிரியக்கத்துக்கு இன்னொரு அலகு) என்று காட்டுகிறது. அந்தக் கணக்கில் மகன் ஊரின் 4 என்பது 148. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் குறி 100. உங்கள் 40, பிக்கோகியூரியில் 1-ஐச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ராத்திரி ஏறுவதும் பகலில் இறங்குவதும் இயல்பு. அதனால் ஒரு நாள் எண்ணைப் பார்க்காமல் இரண்டு மூன்று மாதச் சராசரியைக் குறித்து வையுங்கள். கொசுவுக்குப் பயந்து ராத்திரி ஜன்னலைத் திறக்க முடியாதென்றால், காலையில் டிகாக்‌ஷன் இறங்கும் நேரத்திலாவது திறந்து வைத்து, மீட்டர் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள்.