வாசலில் நிற்பவரை யார் உள்ளே விடுவது? – கேள்வி பதில்

புதுச்சேரி, கடலூர் அடுக்குமாடிகளுக்கு வாசல் பூட்டும் இண்டர்காமும் பொருத்தித் தருவது என் தொழில். குடியிருப்போர் சங்கங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

லாஸ்பேட்டையிலிருந்து: வருகிறவர்களின் பெயரையும் கைபேசி எண்ணையும் கேட்டில் நோட்டில் எழுத வைக்கிறோம். இது போதுமா ஐயா?

போதாது, ஆபத்தும் உண்டு. நூலில் கட்டிய பேனாவோடு மேசைமேல் விரிந்து கிடக்கும் அந்த நோட்டை ஒருமுறை பாருங்கள். கூரியர் கொண்டுவருபவர் கையெழுத்துப் போடும்போது, மேல் வரியில் எந்தப் பெண் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தார், அவருடைய எண் என்ன என்பதெல்லாம் கண்ணில் படுகிறது. எழுதியது மெய்யா பொய்யா என்று பார்ப்பாரும் இல்லை. நோட்டைக் காவலாளியே எழுதட்டும், எழுதியதும் மூடி வைக்கட்டும். யாரை உள்ளே விடுவது என்பது வீட்டார் முடிவு. அவர்களைக் கேட்காமல் எவரையும் மேலே அனுப்பாதீர்கள். முறையாக உடுத்தி, அதட்டிப் பேசுகிறவரை அப்படியே விட்டுவிட்டு, அழுக்குச் சட்டைக்காரரை அரைமணி நேரம் நிறுத்தி வைப்பதைப் பல கேட்டுகளில் பார்க்கிறேன். அது பாதுகாப்பே அல்ல.

ஆதார் நகல் வாங்கி வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகிற விருந்தாளியின் ஆதார் உங்களுக்கு எதற்கு? சந்தேகம் இருந்தால் ஏதாவது ஓர் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். தினமும் வந்துபோகும் பணியாளரிடம் நகல் வாங்கியே ஆகவேண்டும் என்றால், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதாரைக் கேளுங்கள்.

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து: நுழைவாயிலுக்கு மின்காந்தப் பூட்டு போட்டிருக்கிறோம். மின்சாரம் போனால் கதவு திறந்துகொள்கிறது. பூட்டில் கோளாறா?

கோளாறு இல்லை. மின்சாரம் இருக்கும்வரைதான் காந்தம் பிடிக்கும். தீ விபத்தில் மின்சாரம் நின்றால் உள்ளே இருப்பவர்கள் வெளியேற வேண்டும் அல்லவா? அதற்குத்தான் இந்த அமைப்பு. சாதாரண மின்தடைக்குப் பேட்டரி வையுங்கள். 12 வோல்ட் பூட்டு அரை ஆம்பியர் இழுத்தால், 7 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி 14 மணி நேரம் தாங்கும்; பழைய பேட்டரியில் பாதிகூட நிச்சயமில்லை. 2011 டிசம்பரில் 'தானே' என்ற புயலைப் பார்த்த ஊர் உங்களுடையது. நாள்கணக்கில் மின்சாரம் வராதபோது எந்தப் பேட்டரியும் உதவாது. சாவியால் பூட்டும் சாதாரணப் பூட்டு ஒன்றும் அதே கதவில் இருக்கட்டும். ஆனால் எந்தப் பூட்டானாலும் உள்ளிருந்து சாவியோ அட்டையோ இல்லாமல் திறக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கடற்காற்றையும் மறக்காதீர்கள். அழைப்பு மணிப் பெட்டியைத் திறந்தால் செம்புக் கம்பியின் நுனியில் பச்சை பூத்திருக்கும். கம்பி நுழையும் துளையை அடைத்து, மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள்.

புதுச்சேரி கடற்கரைப் பக்கத்திலிருந்து: இரண்டு வீட்டுக்காரர்கள் சனி, ஞாயிறு சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். முகம் தெரியாதவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

தங்க வருகிறவர்களோடு சண்டை போடாதீர்கள், வீட்டுக்காரரைப் பொறுப்பாக்குங்கள். யார், எத்தனை பேர், எந்தத் தேதிவரை என்று முன்கூட்டியே கேட்டுக்கு அவர் சொல்ல வேண்டும். தங்குகிறவர்களுக்குத் தரும், கதவைத் திறக்கும் ரகசிய எண், அவர்கள் கிளம்பும் நேரத்தோடு செல்லாததாகிவிட வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்கும் கடமை இடம் கொடுப்பவருடையது.

வீட்டுவேலைக்கு வரும் பெண்களும் தினமும் கையெழுத்துப் போட வேண்டுமா?

வேண்டாம். கதவைத் திறக்கும் மின்னணு அட்டை கொடுங்கள், வேலை நேரத்துக்கு மட்டும் திறக்கும்படி அமையுங்கள். மலிவான 125 கிலோஹெர்ட்ஸ் அட்டையை எளிதில் நகலெடுத்துவிடலாம், 13.56 மெகாஹெர்ட்ஸில் மறையாக்கம் (தகவலைச் சங்கேதமாக மாற்றும் வசதி) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வேலையை விட்டு நின்றால் அன்றைக்கே அட்டையை நீக்குங்கள். போகும்போது பையைச் சோதிக்கும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

என் தாயாருக்குக் கைபேசிச் செயலி புரியவில்லை. கேட்டில் இருப்பவர்கள் செயலியில் மட்டுமே அனுமதி கேட்கிறார்கள்.

இண்டர்காமை எடுத்துவிடாதீர்கள். அதுவும் இல்லையென்றால் சாதாரண தொலைபேசி அழைப்பு போதும். அம்மா எடுக்காவிட்டால் உங்களை அழைக்கும்படி இரண்டாவது எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.

108 ஆம்புலன்ஸ் வந்தால் என்ன நடைமுறை?

கேட்டைத் திறப்பதுதான் நடைமுறை. ஒருவர் லிஃப்டைத் தரைத்தளத்தில் பிடித்து வைக்கட்டும். வண்டி எண்ணை உள்ளே போன பிறகு எழுதிக்கொள்ளலாம்.