டமாஸ்கஸ் போகிறீர்களா? கொஞ்ச தூரமாவது நடந்து பாருங்கள்

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நாங்கள் சார்லட்டில் இருக்கிறோம். ஊரிலிருந்து என் அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், இருவருக்கும் எழுபது வயதை ஒட்டி இருக்கும். வெர்ஜீனியாவில் டமாஸ்கஸ் என்ற மலை ஊரைப் பற்றி நீங்கள் சொன்னதிலிருந்து மே மாதம் போய்ப் பார்க்க ஆசை. மலையேறாதவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது? (வாசகி, சார்லட்)

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்று பட்டியல் போட்டுக்கொண்டு போனால் அரை மணி நேரத்தில் பட்டியல் தீர்ந்துவிடும். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர் அது. அதற்குப் பெருமை சேர்ப்பது அதன் நடுவே போகும் பாதைதான். ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலத்தில் கட்டாடின் மலையில் முடியும் அப்பலாச்சியன் டிரெயில், 14 மாநிலங்கள் வழியாக 2,190 மைலுக்கு மேல் ஓடுகிறது. பெரும்பாலும் காட்டுக்குள்ளேயே போகும் இந்தப் பாதை, டமாஸ்கஸில் டென்னசி எல்லை மலையிலிருந்து இறங்கி ஊர்ப் பூங்காவைத் தொட்டு, கடைத்தெருவான லாரல் அவென்யூ வழியாகவே நடந்து போகிறது. இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரத்தில் வெள்ளைப் பட்டை தீட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். அதுதான் வழிகாட்டி.

மார்ச், ஏப்ரலில் ஜார்ஜியாவில் கிளம்பிய ஹைக்கர்கள் சுமார் 470 மைல் நடந்து, ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுவரை இங்கே கூட்டம் கூட்டமாக வந்து சேர்வார்கள். அதனால் நீங்கள் போகும் சமயம் நல்ல சமயம். நல்ல வெயிலில் ஒருவர் மழைக்கோட்டும் மழைப் பேண்டும் மட்டும் மாட்டிக்கொண்டு சலவைக் கடை வாசலில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் உள்ள மற்ற துணி எல்லாம் உள்ளே மெஷினில் சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்தில் வெறுங்காலை நீட்டிக்கொண்டு இன்னொருவர் குதிகால் கொப்புளத்துக்கு பிளாஸ்திரி வெட்டிக்கொண்டிருப்பார். ஹைக்கர்கள் மலிவாகத் தங்கும் ஹாஸ்டல்களில் 'ஹைக்கர் பாக்ஸ்' என்று ஒரு பெட்டி இருக்கும். வேண்டாததைப் போடலாம், வேண்டியதை எடுக்கலாம். பாதி டப்பா வேர்க்கடலை வெண்ணெய், நூடுல்ஸ் பொட்டலம், ஒற்றைக் கையுறை, எல்லாம் கிடக்கும். எந்த அருங்காட்சியகத்தையும்விட இதுதான் எனக்கு அந்த ஊரைப் புரியவைத்தது.

அப்பா அம்மாவுக்கு வெர்ஜீனியா கிரீப்பர் டிரெயில் சரியாக இருக்கும். 1977 வரை ரயில் ஓடிய தடம், அதனால் ஏற்றம் செங்குத்தாக இருக்காது. அபிங்டனிலிருந்து டமாஸ்கஸ் வழியாக வைட்டாப் வரை 34 மைல். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வெள்ளம் டமாஸ்கஸுக்கும் வைட்டாப்புக்கும் இடையிலான பாதியைச் சிதைத்து, பழைய மரப்பாலங்களை அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்தப் பக்கம் சீரமைப்பு எதுவரை வந்திருக்கிறது என்று கிளம்பும் முன் விசாரியுங்கள். அபிங்டன் பக்கம் போகும் பாதியில் நடக்கலாம். ஊரிலிருந்து அரை மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பினாலே போதும். வலது ஓரமாகப் போகச் சொல்லுங்கள், பின்னால் சைக்கிள்கள் வரும்.

அப்புறம் அம்மாவிடம் எம்மா கேட்வுட் கதையைச் சொல்லுங்கள். பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த அந்த அம்மா, 1955-இல் தன் 67 வயதில், கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, தானே தைத்த துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அப்பலாச்சியன் டிரெயில் முழுவதையும் தனியாக நடந்து முடித்தார்.

ஒரு வேண்டுகோள். வெள்ளத்தில் அடிபட்டு எழுந்துகொண்டிருக்கிற ஊர் அது. மூன்று வேளைச் சாப்பாட்டையும் சார்லட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒரு வேளையாவது அங்கே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

கேள்வி: மே மாதம் அங்கே திருவிழா நடக்குமாமே, அந்த சமயம் போகலாமா? (வாசகர், ராலே)

பதில்: டிரெயில் டேஸ். 1987 முதல் நடக்கிறது, வழக்கமாக மே மாத நடுவில் வரும். பழைய ஹைக்கர்கள், இப்போது நடந்துகொண்டிருப்பவர்கள், கூடாரம் பை விற்கிறவர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் வந்து குவிவார்கள். ஹைக்கர்கள் ஊர்வலமாகப் போகும்போது இரண்டு பக்கமும் நிற்பவர்கள் தண்ணீர்த் துப்பாக்கியால் நனைப்பார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். வயதானவர்களோடு போவதென்றால் அந்த வாரக் கடைசியை விட்டுவிட்டு முந்தின வாரம் போங்கள்.

எப்போது போனாலும் இதை மனதில் வையுங்கள்: கார் இருக்கிறவர்களுக்கு அபிங்டனில் ஹோட்டல் அறை இருக்கிறது. நடந்து வருகிறவருக்கு அந்த ஊர் ஹாஸ்டல் படுக்கையை விட்டால் அதிக வழியில்லை. மலிவாக இருக்கிறதே என்று அதை நாம் பிடித்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: எலுமிச்சை சாதம் நிறையக் கிளறிக்கொண்டு போய், பாதையில் வருகிற ஹைக்கர்களுக்குக் கொடுக்கலாம் என்று எங்கள் குடும்பத்தில் ஆசைப்படுகிறோம். அனுமதி உண்டா? (வாசகி, ரிச்மண்ட்)

பதில்: படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. முன்பின் தெரியாதவர் இப்படிச் செய்யும் உதவிக்கு அங்கே 'டிரெயில் மேஜிக்' என்றும், செய்கிறவருக்கு 'டிரெயில் ஏஞ்சல்' என்றும் பெயர். நாளெல்லாம் ஏறி இறங்கும் உடம்புக்கு எவ்வளவு தின்றாலும் பசி அடங்காது. சைவம் மட்டும் சாப்பிடுகிற ஹைக்கர்கள் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

ஆனால் காட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வராதீர்கள். ஆள் இல்லாமல் வைக்கிற சாப்பாட்டுக்குக் கரடி வரும். மனிதச் சாப்பாட்டில் ருசி கண்ட கரடியைக் கடைசியில் கொல்லும்படி ஆகிவிடுவதும் உண்டு. ஊருக்குள் அல்லது பாதை சாலையைக் கடக்கும் கார் நிறுத்துமிடத்தில், கடைசித் தட்டு காலியாகும்வரை நீங்களே நின்று பரிமாறி, குப்பையை எல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு திரும்புங்கள். இடம் யாருடையதோ, அவர்களிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

கட்டாயம் கரண்டியால் நீங்களே எடுத்துப் போடுங்கள். வசந்த காலத்தில் ஹைக்கர்களிடையே நோரோவைரஸ் பரவி வாந்தி பேதியில் பலர் படுத்துவிடுவது அவ்வப்போது நடக்கிறது. ஒரே பைக்குள் பத்துப் பேர் கைவிட்டால் போதும். கைக்குத் தடவும் ஆல்கஹால் ஜெல் இந்த வைரஸுக்குச் சரியாக வேலை செய்யாது. ஒரு கேன் தண்ணீரும் சோப்பும் கொண்டுபோனால் நீங்கள் செய்யும் பெரிய உபகாரம் அதுதான். வேர்க்கடலை போட்டிருந்தால் தட்டை நீட்டும் முன்பே சொல்லிவிடுங்கள், ஒவ்வாமை இருப்பவர்கள் இருப்பார்கள்.

கேள்வி: வழியில் ஹைக்கர்கள் லிஃப்ட் கேட்டால் ஏற்றலாமா? பயமாக இருக்கிறது. (வாசகி, நாக்ஸ்வில்)

பதில்: தனியாக ஓட்டிப் போகிறீர்கள், மனசு ஒப்பவில்லை என்றால் ஏற்றாதீர்கள். அதற்காகச் சங்கடப்படவும் வேண்டாம். குடும்பத்தோடு போகும்போது, இடமும் இருந்து உங்களுக்கும் சரி என்று பட்டால் ஏற்றுங்கள். பையை டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள், ஜன்னலை இறக்கிவிடுங்கள். குளித்துப் பல நாள் ஆகியிருக்கும், அவருக்கே அது தெரியும். பலர் சொந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள். பாதையில் கிடைத்த பட்டப்பெயரைத்தான் சொல்வார்கள், துருவிக் கேட்காதீர்கள். கால் எப்படி இருக்கிறது, அடுத்த ஏற்றம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாக வரும்.

கேள்வி: மலைமேல் குட்டைக் குதிரைகள் மேய்வதாகப் படம் பார்த்தேன். அது எங்கே? (வாசகர், கிரீன்ஸ்பரோ)

பதில்: கிரேசன் ஹைலண்ட்ஸ் ஸ்டேட் பார்க், டமாஸ்கஸுக்குக் கிழக்கே மலைமேல். மாஸி கேப்பில் காரை நிறுத்திவிட்டு ஒரு மைலுக்குள் நடந்தால் அப்பலாச்சியன் டிரெயிலைத் தொட்டுவிடலாம். மலைமுகட்டுப் புல்வெளியில் புதர் மண்டாமல் மேய்வதற்காக 1970களில் விடப்பட்டவை அந்தக் குதிரைகள். எவ்வளவு சாதுவாகக் கிட்டே வந்தாலும் தொடக்கூடாது, தீனி போடக்கூடாது. கடிக்கும், உதைக்கும். திரும்பியதும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோய் பரப்பும் உண்ணி அந்தப் பகுதியில் உண்டு.

கேள்வி: எனக்கு 29 வயது, ஐ.டி. வேலை. என்றாவது முழுப் பாதையையும் நடக்க வேண்டும் என்று ஆசை. டமாஸ்கஸிலிருந்து ஒரு சோதனை நடை போய்ப் பார்க்கலாமா? (வாசகர், ஆஷ்பர்ன்)

பதில்: நல்ல யோசனை தம்பி. முழுசாக நடக்கக் கிளம்புகிறவர்களில் சுமார் நான்கில் ஒருவர்தான் முடிக்கிறார் என்கிறது பாதையைப் பராமரிக்கும் அமைப்பான அப்பலாச்சியன் டிரெயில் கன்சர்வன்சி. வேலையை விடும் முன் உடம்பையும் மனசையும் சோதித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

டமாஸ்கஸிலிருந்து மாஸி கேப் வரை சுமார் 30 மைல், மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் திறப்புமாக மரக்கொட்டகைகள் இருக்கும். முன்பதிவு கிடையாது, முந்தியவருக்கு இடம். அதனால் கூடாரம் கையில் இருக்கட்டும். தாமஸ் நாப் கொட்டகைக்கு அருகில் கிளைப்பாதை ஒன்று பிரிந்து வெர்ஜீனியாவின் மிக உயரமான ரோஜர்ஸ் மலை உச்சிக்குப் போகிறது, 5,729 அடி. உச்சியில் காட்சி ஒன்றும் தெரியாது, அடர்ந்த ஊசியிலை மரங்கள்தான். எனக்கு அந்த ஈரமும் பாசியும் பிடிக்கும், நீங்களும் போய் நின்றுவிட்டு வாருங்கள். வெள்ளத்தில் பாதை மாற்றிவிட்ட இடங்கள் இருக்கலாம். கிளம்பும் முன் கன்சர்வன்சியின் அறிவிப்புகளைப் பார்த்துவிடுங்கள். டமாஸ்கஸில் அவர்கள் பங்கேற்கும் டிரெயில் சென்டரிலும் கேளுங்கள்.

ஷூ அரை அளவாவது பெரிதாக வாங்குங்கள், தொடர்ந்து நடந்தால் பாதம் வீங்கும். குளிர் உடையையும் குறைக்காதீர்கள். டமாஸ்கஸ் வெயிலைப் பார்த்துவிட்டுக் கனமான ஜாக்கெட்டைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பப் போகும் ஹைக்கர்களிடம் அனுபவசாலிகள் சொல்வது, ரோஜர்ஸ் மலையைத் தாண்டிவிட்டு அனுப்பு என்பதுதான். மேலே மே மாதத்திலும் பனி விழுந்ததுண்டு.