நீலகிரிப் புல்வெளியும் சீகை மரமும்: கேள்வி பதில்

கேள்வி (கோவை): பருவநிலை மாற்றத்துக்கு மரம் நடுவதே தீர்வு என்கிறார்கள். நீங்களோ நீலகிரியில் சீகை (வாட்டில்) மரத்தை வெட்டச் சொல்கிறீர்கள். ஏன் ஐயா?

பதில்: மலை மடிப்புகளில் சோலை எனும் அடர்ந்த குட்டைமரக் காடு, மேடுகளில் புல் என்பதுதான் அந்த மலையின் இயல்பு. அங்குள்ள சதுப்பு மண்ணை ஆராய்ந்தவர்கள், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே புல் இருந்ததற்கான தடயத்தைக் கண்டிருக்கிறார்கள். அதைப் பயனற்ற நிலமாகக் கருதி, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகையையும் தைலமரத்தையும் நட்டார்கள். தோல் பதனிடப் பட்டையும் ஆலைகளுக்கு மரக்கூழும் கிடைத்தன. வரையாடு மேயும் நிலம் போனது.

கேள்வி (உதகை): மரம் புல்லைவிட அதிகக் கார்பனைச் சேமிக்குமே?

பதில்: தரைக்கு மேலே அதிகம்தான், மறுக்கவில்லை. புல்வெளியின் கார்பனில் பெரும்பகுதி வேரிலும் மண்ணிலும் இருக்கிறது. தீப்பிடித்தால் புல்லின் மேற்பகுதி கருகும், மழையில் மீண்டும் துளிர்க்கும். தோப்பு எரிந்தால் பல ஆண்டுச் சேமிப்பு ஓரிரு நாளில் புகையாகிவிடும். தண்ணீரையும் பாருங்கள்: நீலகிரியின் கிளென்மார்கனில் நடந்த நீண்டகால ஆய்வில், புல்வெளியில் தைலமரம் நட்ட பிறகு ஓடைநீர் குறைந்தது. வறட்சி கூடிவரும் காலத்தில் இந்த இழப்பைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பைக்காரா ஆறும் பவானி ஆறும் இந்த மலைநீரை நம்பி ஓடுகின்றன.

கேள்வி (கொடைக்கானல்): எல்லாவற்றையும் ஒரே வீச்சில் வெட்டிவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. சீகை விதை பல ஆண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். வெட்டவெளி ஆனதும் அடர்ந்து முளைக்கும். ஆண்டுதோறும் கன்றுகளைப் பிடுங்கவும் நாட்டுப்புல் நடவும் ஆளும் பணமும் இருந்தால் மட்டும் கோடரியை எடுங்கள். சீகை புதிதாகப் பரவும் விளிம்பில் தொடங்குவது நல்லது. உங்கள் பழனி மலையில் பழைய தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் எழுந்து வருகின்றன. அந்தத் தோப்புகளைத் தொடாதீர்கள்.

கேள்வி (சேலம்): உலகக் கணக்கில் காட்டுக்கும் நிலத்துக்கும் எவ்வளவு பங்கு?

பதில்: 2019-இல் வெளியான பசுங்குடில் வாயுக்களில் சுமார் 22 விழுக்காடு வேளாண்மை, காடழிப்பு, நிலப்பயன்பாடு வழியே வந்தவை. நிற்கும் காட்டைக் காப்பதே முதல் வேலை. எத்தனை கன்று நட்டாலும் நிலக்கரிப் புகைக்கு ஈடாகாது.

கேள்வி (கோத்தகிரி): எங்கள் பள்ளிக்கு அருகே புல்மேடு இருக்கிறது. பிள்ளைகளோடு அங்கே மரக்கன்று நடலாமா?

பதில்: அங்கே வேண்டாம் அம்மா. சிதைந்த சோலையின் ஓரத்தில், வனத்துறையின் அனுமதியோடு சோலைநாவல் போன்ற அந்த மலைக்கே உரிய மரங்களை நடுங்கள். புல்மேட்டில் பிள்ளைகள் சீகைக் கன்றுகளைப் பிடுங்கட்டும். மழை பெய்த மறுநாள் வேரோடு எளிதாக வரும்.