தரங்கம்பாடியில் வீடு பார்க்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறோம். சென்னை இரைச்சல் போதும் என்றாகிவிட்டது. தரங்கம்பாடியில் வீடு பார்க்க நினைக்கிறோம். அங்கே உண்மையிலேயே அமைதியாக இருக்குமா? போகப்போக அலுத்துவிடுமா?
– ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: சகோதரி, ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பதினோரு வருடமாக நான் இங்கேதான் இருக்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு ராஜ வீதியில் வந்து நில்லுங்கள். 1792-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய நகர வாசலிலிருந்து கடல் வரை தெரு நேராகக் கிடக்கும். நடுவில் ஒரு நாய் படுத்திருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் சத்தம் இங்கேயும் உண்டு. விடிவதற்கு முன்பே படகு இன்ஜின் கேட்கும். அப்புறம் தேவாலய மணி, பாங்கு, மீன்காரம்மா குரல். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆள் யாரென்று தெரியும். மீன்காரம்மா இரண்டு நாள் வரவில்லை என்றால், மகளுக்குப் பிரசவம் என்று மூன்றாம் நாள் தெருவுக்கே தெரிந்துவிடும். நம் வீட்டு விஷயமும் அப்படித்தான் வெளியே போகும். "டீச்சர், நேத்து ராத்திரி ரொம்ப நேரம் லைட் எரிஞ்சுதே?" என்று கேட்பார்கள். முதல் வருடம் எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஒருமுறை காய்ச்சலில் கிடந்தபோது, அந்த லைட்டைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுப் பெண் கஞ்சியோடு வந்தாள்.

உண்மையான நிசப்தம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கையில் காசு ஓட்டம் இருக்காது, மளிகைக் கடைக் கடன் நோட்டு நிரம்பும். அந்த அமைதி இங்கே யாருக்கும் வேண்டாம். மறுபடி இன்ஜின் சத்தம் கேட்கும் விடியலில் எனக்கே மனசு லேசாகிறது.

கடலைப் பார்த்த வாசல் வேண்டும் என்று மட்டும் ஆசைப்படாதீர்கள். 1306-ல் கட்டிய மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஒருதரம் போய்ப் பாருங்கள். 2004 சுனாமியைப் பார்த்தவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். ராத்திரி அலைச் சத்தம் கொஞ்சம் மாறினாலும் எங்கள் தெருவில் விளக்குகள் எரிய ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று, மருத்துவம். பெரிய சிகிச்சை என்றால் மயிலாடுதுறைக்கு ஓட வேண்டும், சுமார் முப்பது கிலோமீட்டர். 1926-ல் வந்த ரயில் 1986-லேயே நின்றுவிட்டது. என் கணவருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தபோதுதான் அந்தச் சாலை எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிந்தது. பிழைத்துக்கொண்டார். கார் ஓட்டி வந்தது எதிர்வீட்டுத் தம்பி. வீடு பார்ப்பதற்கு முன்னால் எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

தை மாசத்தில் வந்து மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். மழையில் கரண்ட் போன ராத்திரி கடல் மட்டும்தான் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே உங்கள் இருவருக்கும் தூக்கம் வந்தால், சரி, தாராளமாக வீடு வாங்குங்கள்.