கடைசி ஆள் வரும்வரை

அன்புள்ள ஐயா,

சேலத்து நெடுந்தூர சைக்கிள் சங்கத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் நான் சைக்கிள் வாங்கினேன். ஆத்தூர் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியர், வயது 46. ஜனவரியில் நடந்த 200 கி.மீ. ரைடில் கலந்துகொண்டேன். கரூர் போய்ச் சேலம் திரும்ப வேண்டும். போகும்போது நாமக்கல் தாண்டி ஒரு பஞ்சர், வரும்போது ராசிபுரம் பிரிவுக்குப் பக்கத்தில் இன்னொன்று. இருபது நிமிடம் பிந்திவிட்டது. ‘டைம் அவுட்’ என்று சொல்லி, வழியெல்லாம் முத்திரை குத்திய கார்டை வாங்கிக்கொண்டார்கள். ஆண்டுக் கூட்டத்தில் வாசித்த அறிக்கையில் என் பெயர் எங்கும் இல்லை. சரி, முதலில் வந்தவரையாவது மேடையேற்றினார்களா என்றால் அதுவும் இல்லை. முதல் ஆளுக்குப் பரிசில்லை, கடைசி ஆளுக்குக் கணக்கில்லை என்றால் சங்கம் எதற்கு? நானே தனியாகப் போய்வரலாமே? வருடம் முழுக்க இவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

ஒரு வாசகர், ஆத்தூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு பஞ்சருக்குப் பிறகும் வேறு வண்டியில் ஏறாமல் இருட்டில் மிதித்து வந்து சேர்ந்திருக்கிறீர்கள். முதலில் அதற்கு என் வணக்கம்.

அந்த நேரக் கணக்கு சேலத்தில் போட்டதல்ல. 1904இல் தொடங்கிய ஓடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற பிரெஞ்சு சங்கத்தின் விதி அது. பி.ஆர்.எம். எனப்படும், நேர வரம்புள்ள இந்த நெடுந்தூர ரைடு எந்த நாட்டில் நடந்தாலும் 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி, 400க்கு 27, 600க்கு 40. டீ, சாப்பாடு, பஞ்சர், தூக்கம் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். நம் முடிவுகள் ஓடாக்ஸ் இந்தியா வழியாகப் பாரீஸ் போய்ப் பதிவெண் பெறுகின்றன. உங்களுக்கு இருபது நிமிடம் தளர்த்தினால், 13 மணி 29ஆவது நிமிடத்தில் மூச்சு வாங்க வந்து சேர்ந்தவரின் கார்டுக்கு மதிப்பில்லாமல் போகும். இதில் சங்கம் செய்தது சரி.

முதல் ஆளுக்குப் பரிசு இல்லாததும் அதே விதியின் மறுபாதிதான். கார்டில் முத்திரை வைக்கும் இடமான கண்ட்ரோலுக்கு மூடும் நேரம் இருப்பதுபோலத் திறக்கும் நேரமும் உண்டு. 200 கி.மீ.க்கு அது மணிக்கு 34 கி.மீ. என்ற வேகத்தில் கணக்கிடப்படுகிறது. ஒருவர் பறந்து வந்தாலும் 5 மணி 53 நிமிடம் ஆகும்வரை கடைசிக் கண்ட்ரோலில் காத்திருக்க வேண்டியதுதான். அவர் கார்டும் 13 மணி நேரத்தில் வந்தவர் கார்டும் ஒன்றே. இந்த ரைடுகளுக்கெல்லாம் தாயான பாரீஸ்–பிரெஸ்ட்–பாரீஸ் 1891இல் பந்தயமாகத் தொடங்கியது. முதலில் வந்த சார்ல் தெரோன் 72 மணி நேரத்துக்குள் முடித்தார். பந்தயம் பின்னாளில் நின்றுபோயிற்று. இப்போது நான்காண்டுக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கானோர் அந்த 1200 கி.மீ.யை ஓட்டுகிறார்கள், 90 மணி நேரம் வரை அவகாசம், தரவரிசை கிடையாது. அடுத்தது 2027இல். நம் ஊரிலும் சிலருக்கு அந்தக் கனவு உண்டு. 200, 300, 400, 600 நான்கையும் ஒரே சீசனில் முடித்து எஸ்.ஆர். (சூப்பர் ராண்டனர்) ஆவது அதற்கான படி.

சீசன் நவம்பர் 1இல் தொடங்கி அக்டோபர் 31இல் முடிகிறது. வடகிழக்கு மழை ஓய்ந்ததும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நமக்கு நல்ல காலம். மார்ச் பிறந்தால் வெயில். அதனால் நீண்ட ரைடுகளை மாலையில் கிளப்பிவிடுகிறார்கள். மே மாதம் கோடை விழாவுக்கு ஏற்காடு சாலை வண்டிகளால் நிரம்பும். விடியுமுன் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவிட்டு, கூட்டம் வருமுன் இறங்கிவிடுவார்கள். இறக்கத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். விட்டுவிட்டுப் பிடிக்கப் பழக்குவது இங்கேதான். ஆடியில் சங்ககிரி, பவானி, பெருந்துறை என்று மேற்கே போனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நெஞ்சிலேயே அடிக்கும். அந்த மாதங்களில் ரைடு குறைவு.

ஆனால் நீங்கள் கேட்டது இந்த நாட்காட்டியை அல்ல என்று நினைக்கிறேன். சங்கத்தின் உண்மையான வேலை சைக்கிள் ஓட்டாதவர்கள் செய்வது. ரைடுக்கு ஒரு வாரம் முன்பு இரண்டு பேர் அந்தப் பாதை முழுக்கப் போய்வருகிறார்கள். எந்த மேம்பாலத்தில் ஏற வேண்டும், எங்கே சர்வீஸ் ரோடு உடைந்து கிடக்கிறது, எந்த ஊர் எல்லையில் நாய்கள் துரத்தும், எங்கே ஆட்கள் எதிர்த்திசையில் பைக் ஓட்டி வருகிறார்கள் என்று குறித்துக்கொள்கிறார்கள். தொப்பூர் கணவாயைப் பற்றி மட்டும் தனியாக எச்சரிக்கை எழுதுவார்கள். தருமபுரியிலிருந்து வரும் அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிகளால் எத்தனை விபத்து என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிளம்புமுன் ஒவ்வொரு சைக்கிளிலும் முன்விளக்கு, பின்விளக்கு, உடம்பில் ஒளிரும் மேலுடுப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் இவர்கள்தான்.

பிறகு அந்த இரவு. 400 கி.மீ. ரைடின்போது நெடுஞ்சாலை ஓரக் கண்ட்ரோல் ஒன்றில் விடியும்வரை இருந்திருக்கிறேன். ஒரு பிளாஸ்டிக் மேஜை, முத்திரை, பெயர்ப் பட்டியல், வாழைப்பழத் தார். ஓட்டுபவர் ஒருவரின் மனைவி, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர், கல்லூரிப் பையன் ஒருவன். தூரத்தில் சின்ன வெளிச்சம் ஆடி ஆடி வரும்போதெல்லாம் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். கண்ட்ரோலுக்கு வெளியே யாரும் வண்டியில் பின்தொடர்ந்து உதவக் கூடாது என்பது விதி. ஆகவே வருகிறவர் பேசும் முதல் இரண்டு வார்த்தையை வைத்தே அவர் நிலைமையைக் கணிக்கிறார்கள்: இவரை அனுப்பலாமா, அரைமணி படுக்கச் சொல்லலாமா, இதோடு போதும் என்று சொல்லலாமா. நேரம் முடிந்தும் மூன்று பெயர்கள் மீதி இருந்தன. யாரும் மேஜையை மடிக்கவில்லை. வங்கிக்காரர் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார். ஒருவர் லாட்ஜில் தூங்கிவிட்டார், ஒருவர் பஸ் ஏறிவிட்டார், மூன்றாமவர் எடுக்கவில்லை. கல்லூரிப் பையன் பைக்கை எடுத்துக்கொண்டு வந்த வழியே போனான். ஒரு பெட்ரோல் பங்க் பெஞ்சில் அவர் பத்திரமாகப் படுத்திருப்பதைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் பட்டியலை மூடினார்கள். தனியாகப் போய்வரலாமே என்கிறீர்கள், தாராளமாகப் போகலாம். ஆனால் நீங்கள் வந்து சேராவிட்டால் உங்களைத் தேடி வர ஒரு பட்டியல் வேண்டும். ஜனவரியில் நீங்கள் இருபது நிமிடம் பிந்தி வந்தபோதும் கார்டை வாங்க ஆள் உட்கார்ந்திருந்தார்கள் இல்லையா?

ஆண்டறிக்கை விஷயத்தில் நான் உங்கள் கட்சி. முடித்தவர்களின் பெயரை மட்டும் வாசிப்பது பெரிய குறை. பாரீஸுக்குப் போகும் பட்டியல் விதிப்படி இருக்கட்டும். நம் ஊர்க் கூட்டத்தில் கிளம்பிய எல்லோர் பெயரையும், கண்ட்ரோலில் உட்கார்ந்த எல்லோர் பெயரையும் வாசிக்க வேண்டும். பொறுப்பாளர்களிடம் இதைக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. நீங்களும் எழுதுங்கள், ஓட்டியவர் கேட்டால் அதற்கு எடை அதிகம்.

அடுத்த 200க்குப் பேர் கொடுத்துவிடுங்கள். அதற்குள் வீட்டு வாசலில் பின்சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றிப் பழகுங்கள். ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்காமல் புது டியூபையே மாட்டிவிட்டால், பழகிய கைக்குப் பத்து நிமிடம் போதும். உங்கள் இருபது நிமிடம் அங்கேதான் போயிருக்க வேண்டும்.

இன்னொன்று. அடுத்த 300க்கு உளுந்தூர்ப்பேட்டைப் பாதையை யோசிக்கிறார்கள். வாழப்பாடி தாண்டி உங்கள் ஊர் வழியாகத்தான் போக வேண்டும். ஆத்தூர் பைபாஸ் பக்கம் இரவு இரண்டு மணிக்கும் திறந்திருக்கும் டீக்கடை எது, அங்கே வெளிச்சம் எப்படி, சைக்கிள் நிறுத்த இடம் உண்டா என்று பார்த்து எழுத முடியுமா? அந்தக் கண்ட்ரோலுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.